கல்லூரி ஆங்கிலச் சொல்வளம்: கணினிக்கு எந்த வேலை, நமக்கு எந்த வேலை

ஆங்கிலத்தில் செய்தி படித்தால் புரிகிறது. படத்தை சப்டைட்டில் இல்லாமலே பார்க்க முடிகிறது. ஆனால் கல்லூரிப் பாடநூலையோ ஆய்வுக் கட்டுரையையோ திறந்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு வாங்குகிறது. பலருக்கும் இருக்கும் சிக்கல்தான் இது. பெரும்பாலும் இலக்கணம் இதற்குக் காரணமில்லை. அன்றாடப் பேச்சில் அதிகம் தலைகாட்டாத சில நூறு சொற்கள் படிப்பு சார்ந்த எழுத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவை நம்மிடம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குக் கணினி நன்றாகக் கைகொடுக்கும். மூன்று வேலைகளை அது நம்மைவிடத் திறமையாகச் செய்யும். எந்தச் சொல் முக்கியம் என்று எண்ணிச் சொல்லும். ஒரு சொல் உண்மையில் எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று காட்டும். எந்தச் சொல்லை எந்த நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லும் வேலை மட்டும் நம்முடையது. சந்தையில் உள்ள பல ஆப்கள் அந்த வேலையையும் நம்மிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. நான்கு விடைகளைக் கண்முன் வைத்து ஒன்றைத் தொடச் சொன்னால், அடையாளம் காண்பதோடு வேலை முடிந்துவிடும். தேர்வறையில் பேனா பிடிக்கும்போது நான்கு விடைகளை யாரும் நீட்டப் போவதில்லை.

கீழே உள்ள படிகளை இந்த வேலைப் பிரிவினையை மனதில் வைத்தே அடுக்கியிருக்கிறேன்.

படி 1: கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள்

சொல்வள ஆய்வாளர்கள் பால் நேஷன், டேவிட் பெக்லர் இருவரும் 2007-ல் வெளியிட்ட வொகாபுலரி சைஸ் டெஸ்ட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 140 கேள்விகள் கொண்ட வடிவத்தில் ஒவ்வொரு கேள்வியும் 100 சொற்குடும்பங்களுக்குப் பிரதிநிதி. சரியான விடைகளை 100-ஆல் பெருக்கினால் உங்கள் தோராயமான கையிருப்பு. சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லும் அதன் கிளைகளும்: அனலைஸ், அனாலிஸிஸ், அனலிட்டிகல் எல்லாம் சேர்ந்து ஒன்று.

தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் விடை போடாதீர்கள். நாலில் ஒன்று தானாகவே சரியாக விழும், கணக்கு ஊதிப்போகும்.

எண் வந்ததும் எதோடு ஒப்பிடுவது? அகராதியைத் தொடாமல் ஒரு நூலை வசதியாகப் படிக்க அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்பதும் நேஷன் 2006-ல் போட்ட கணக்கு. 98 என்பது அதிகமாகத் தோன்றலாம். 300 சொற்கள் உள்ள பக்கத்தில் 95 சதவீதம் தெரிந்தாலும் 15 இடத்தில் தடுக்கும். 98 என்றால் 6 இடம். 15 இடத்தில் நின்று நின்று படித்தால் வாசிப்பு ஓடாது.

4,000 என்று வந்தால் மிச்சம் 4,000 சொல்லையும் மனப்பாடம் செய்யவேண்டுமா என்று மலைக்க வேண்டாம். எல்லாச் சொல்லும் சம மதிப்புடையவை அல்ல என்பதுதான் அடுத்த படி.

படி 2: எந்தச் சொற்கள்?

இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். ‘தினம் ஒரு சொல்’ ஆப்கள் தருவதில் பாதி, படித்த ஆங்கிலேயரே வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் சொல்லாக இருக்கும். சொல்லிக்கொள்ளப் பெருமை, பாடநூல் படிக்கப் பயனில்லை.

மூன்று அடுக்காகப் போங்கள். முதல் அடுக்கு, எங்கும் வரும் பொதுச் சொற்கள். மைக்கேல் வெஸ்ட் 1953-ல் தொகுத்த சுமார் 2,000 சொற்குடும்பப் பட்டியல் பழைய அளவுகோல். 2013-ல் வந்த நியூ ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட் அதன் புதிய வடிவம், அதில் சுமார் 2,800 சொற்கள். கல்லூரி வரை வந்தவருக்கு இதில் பெரும்பகுதி தெரிந்திருக்கும். ஒரு மாலை உட்கார்ந்து மேலோட்டமாகப் பார்த்து ஓட்டைகளை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது அடுக்கு அகாடமிக் வேர்ட் லிஸ்ட், அதாவது கல்விச் சொற்பட்டியல். நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 35 லட்சம் சொற்கள் அளவுள்ள கல்விசார் எழுத்தைக் கணினியில் ஏற்றி, கலை, வணிகம், சட்டம், அறிவியல் நான்கிலும் பரவலாக வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். 2000-ஆம் ஆண்டு அது வெளியானது. கல்விசார் எழுத்தில் சுமார் 10 சதவீதத்தை இந்த 570 மட்டுமே நிரப்புகின்றன. கதைப் புத்தகங்களிலோ 1.4 சதவீதம்தான். நாவல் புரிகிறவர் பாடநூலில் திணறுவது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களே விடை.

பட்டியல் பத்துத் துணைப்பட்டியல்களாக, அடிக்கடி வருவது முதலில் என்ற வரிசையில் இருக்கிறது. முதல் ஒன்பதில் 60 குடும்பங்கள் வீதம், கடைசியில் 30. முதல் துணைப்பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். ‘இது தெரிந்ததுதானே’ என்று தோன்றும் சொல்லுக்கு ஒரு சோதனை: அதை வைத்து இப்போதே ஒரு வாக்கியம் எழுத முடிகிறதா? முடியவில்லையென்றால் அது அரைகுறையாகத் தெரிந்த சொல். அரைகுறைச் சொற்களே முதலில் கவனிக்க வேண்டியவை. கொஞ்சம் உழைத்தாலே முழுசாகக் கைக்கு வந்துவிடும்.

மூன்றாவது அடுக்கு உங்கள் துறைச் சொற்கள். இதற்கு யாரோ போட்ட பட்டியல் வேண்டாம், உங்கள் பாடநூலையே கணினியிடம் கொடுங்கள். லாரன்ஸ் ஆந்தனி உருவாக்கிய ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அத்தியாயத்தை வெறும் உரைக் கோப்பாகச் சேமித்து உள்ளே ஏற்றினால், எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று வரிசைப்படுத்தித் தரும். பிடிஎஃப் ஸ்கேன் செய்த படமாக இருந்தால் மட்டும் முதலில் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் கொண்டு உரையாக மாற்ற வேண்டியிருக்கும்.

உச்சியில் வரும் ‘தி’, ‘ஆஃப்’ வகையறாக்களைத் தாண்டிக் கீழே இறங்குங்கள். ஐந்து தடவைக்கு மேல் வந்தும் உங்களுக்குத் தெளிவில்லாத சொற்களை எடுத்து வையுங்கள். ஒரு அத்தியாயத்துக்கு முப்பது நாற்பது தேறும். ஏற்கெனவே தெரிந்த சொல் வேறு வேஷத்தில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புள்ளியியலில் ‘சிக்னிஃபிகன்ட்’ என்றால் வெறும் ‘முக்கியமான’ இல்லை. தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்று கணக்கில் தேறிய முடிவு. உயிரியலில் ‘கல்ச்சர்’ பண்பாடு இல்லை, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் உயிரணுக்கள். தெரியாத சொல்லையாவது தேடிப் பார்ப்போம், தெரிந்ததாக நினைக்கும் சொல்லைத் தேடவே மாட்டோம்.

டாம் காப் நடத்தும் லெக்ஸ்டியூட்டர் தளத்தில் வொகாப்புரொஃபைல் என்ற கருவி உண்டு. ஒரு பத்தியை ஒட்டினால் பொதுச் சொல், கல்விச் சொல், மற்றவை என்று நிறம் பிரித்துக் காட்டும். இதைப் படி 7-லும் பயன்படுத்தப் போகிறோம்.

படி 3: ஒரு சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ‘அட்ரிப்யூட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். இது கல்விச் சொற்பட்டியலில் உள்ள சொல்.

முதலில் கற்போருக்கான அகராதி. ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசம். லாங்மேன் சுமார் 2,000 எளிய சொற்களை வைத்தே எல்லா விளக்கத்தையும் எழுதுகிறது. அதனால் விளக்கத்தைப் புரிந்துகொள்ள இன்னோர் அகராதி தேவைப்படாது. ‘அட்ரிப்யூட்’ வினையாக வந்தால், ஒன்றுக்கு இன்னொன்றே காரணம் என்று சொல்வது. பெயராக வந்தால் குணம், பண்பு. ஒலிபெருக்கிச் சின்னத்தை அழுத்திக் கேளுங்கள். பெயருக்கு முதல் அசையில் அழுத்தம், வினைக்கு இரண்டாவது அசையில். இதைக் காதால் கேட்டால்தான் பிடிபடும். யூகிளிஷ் தளத்தில் சொல்லைக் கொடுத்தால், யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் இடங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும். இரண்டு மூன்று பேர் சொல்வதைக் கேட்டுவிட்டு நீங்களும் சத்தமாகச் சொல்லுங்கள்.

அடுத்து, அண்டை அயல். ஸ்கெல் என்ற இலவசத் தளத்தில் சொல்லைத் தட்டினால் உண்மையான எழுத்துகளிலிருந்து எடுத்த வாக்கியங்கள் 40 வரை வரும். அவற்றை ஒவ்வொன்றாக மொழிபெயர்க்காதீர்கள். கண்ணை மேலிருந்து கீழே ஓட்டி, சொல்லுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் எது மறுபடி மறுபடி நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். வலப்பக்கம் ‘டு’ வருகிறது. பல இடங்களில் ‘கேன் பீ’ அல்லது ‘இஸ்’ முன்னே நிற்க, செயப்பாட்டு வினையாக வருகிறது. ‘லார்ஜ்லி’, ‘பார்ட்லி’ போன்ற அளவு சொல்லும் சொற்களும் பக்கத்தில் ஒட்டிக்கொள்கின்றன.

இப்போது தெரிந்துவிட்டது: இது தனிச் சொல்லாகக் கற்க வேண்டியது இல்லை, ‘இஸ் லார்ஜ்லி அட்ரிப்யூடட் டு’ என்ற கோவையாகக் கற்க வேண்டியது. பொருள் மட்டும் தெரிந்தவர் கட்டுரை எழுதும்போது ‘டு’ போட வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போட்டுவிட்டு ஏன் மதிப்பெண் குறைந்தது என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

அகராதியில் எளிதில் தெரியாத இன்னொன்றும் இப்படிப் பார்த்தால் தெரியும். ‘காஸ்’ என்ற சாதாரண வினையைத் தட்டிப் பாருங்கள். ‘டேமேஜ்’, ‘ப்ராப்ளம்’, ‘டெத்’ என்று பின்னால் வருவதெல்லாம் பெரும்பாலும் கெட்ட செய்தி. நல்ல விளைவைச் சொல்ல அதைப் போட்டால் இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் படிப்பவருக்கு நெருடும்.

இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால் மார்க் டேவிஸ் உருவாக்கிய கோகா என்ற உரைத் தொகுப்பு இருக்கிறது. 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலத்தில் 100 கோடிக்கு மேற்பட்ட சொற்கள். பேச்சு, புனைகதை, பத்திரிகை, கல்விசார் எழுத்து என்று பகுதி பிரித்து ஒரு சொல் எதில் அதிகம் வருகிறது என்று பட்டை வரைபடமாகக் காட்டும். பதிவு செய்தால் அளவோடு இலவசமாகப் பயன்படுத்தலாம். தொடக்கத்திலேயே இதற்குள் போக வேண்டாம், தொலைந்து போவீர்கள். ஸ்கெல் போதும்.

ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதனால்தான் நாளுக்கு ஐந்து அல்லது ஆறு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள் என்கிறேன்.

படி 4: அட்டை தயாரியுங்கள்

மறதி எந்த வேகத்தில் நடக்கிறது என்று உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். மறக்கப்போகும் நேரம் பார்த்துக் கேட்டால் குறைந்த உழைப்பில் நிற்கும் என்ற யோசனையை 1987-ல் பியோட்டர் வோஸ்னியாக் கணினிக் கணக்காக மாற்றினார். அந்த வழியில் 2006-ல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட அட்டை மென்பொருள்தான் ஆன்கி: அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. கணினியில் இலவசம், ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோன் செயலிக்கு மட்டும் காசு.

நிறுவியதும் ‘5,000 கடினச் சொற்கள்’ என்று யாரோ போட்ட அட்டைத் தொகுப்பை டவுன்லோட் செய்யத்தான் கை போகும். செய்யாதீர்கள். அட்டை தயாரிக்கும்போதே பாதிக் கற்றல் நடந்துவிடுகிறது. அடுத்தவர் தொகுப்பில் அந்தப் பாதி உங்களுக்குக் கிடைக்காது, அந்த வாக்கியங்களையும் நீங்கள் எங்கும் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

ஒரு சொல்லுக்கு இரண்டு அட்டைகள் போதும். முதலாவது இடைவெளி நிரப்பும் வகை. ஆன்கியில் இதற்கு குளோஸ் என்று பெயர். நீங்கள் பாடநூலில் பார்த்த வாக்கியத்தையே ஒட்டி, கற்க வேண்டிய கோவையைத் தேர்ந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது மறைந்துவிடும். ‘அட்ரிப்யூடட்’ மட்டுமல்லாமல் ‘டு’-வையும் சேர்த்து மறையுங்கள். பல சொற்கள் அந்த இடத்தில் பொருந்தும் என்றால் ஒரு குறிப்பும், முதலெழுத்தும் கொடுத்துவிடுங்கள். வாக்கியம் நீளமாக இருந்தால் வெட்டுங்கள். அட்டையை இரண்டு மூச்சில் படித்து முடிக்க வேண்டும்.

இரண்டாவது அட்டை தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு. முன்பக்கம், ‘இந்த வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம் வறட்சி என்று சொல்லப்படுகிறது: கல்விசார் நடையில் எழுதுக’. பின்பக்கம் ஆங்கில வாக்கியம். ஆங்கிலம் கற்கும்போது தமிழைத் தொடவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளைச் சட்டென்று பிடிக்கத் தாய்மொழி நல்ல வழி. தமிழ்ச் சொல்லோடு நின்றுவிடாமல் வாக்கியம் வரை போக வேண்டும், அவ்வளவே.

எழுத்துப்பிழை அதிகம் வருகிறவர்கள் விடையைத் தட்டச்சு செய்யும் அட்டை வகையைத் தேர்ந்தெடுக்கலாம். பிழையான எழுத்தை நிறம் மாற்றிக் காட்டும். ‘ஹைப்பாத்திசிஸ்’ மாதிரியான சொற்களுக்கு நல்லது.

படி 5: தினசரிக் கணக்கு

ஆன்கி இயல்பாகவே நாளுக்கு 20 புதிய அட்டைகள் என்று வைத்திருக்கும். அதைப் பத்தாகக் குறையுங்கள். காரணம் எளிது. புதிய அட்டை இன்று வந்து நாளை மறைந்துவிடுவதில்லை, மறுபார்வைக்கு வந்துகொண்டே இருக்கும். புதிய அட்டை எண்ணிக்கையைப்போல் பத்து மடங்கு மறுபார்வைக்கு இடம் விட வேண்டும் என்பது பொது விதி. பத்து என்றால் நாளுக்கு நூறு வரை போகலாம். இருபது என்றால் இருநூறு. ஆர்வத்தில் ஐம்பது வைத்தவர்கள் மூன்றாவது வாரம் ஆப்பைத் திறக்கவே பயப்படுவார்கள்.

எந்த அட்டையை எந்த நாளில் கேட்பது என்று முடிவு செய்ய, 2023-ல் ஆன்கிக்குள் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணக்குமுறை வந்தது. அமைப்புகளில் அதை இயக்கிவிடுங்கள். எத்தனை சதவீதம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் 90 இருக்கும், அப்படியே விடுங்கள். 97 என்று ஏற்றினால் வேலை மடங்கு மடங்காகக் கூடும்.

விடையைப் பார்த்தபின் அழுத்தும் பட்டன்களில் ஒரு சூட்சுமம். மறந்துபோனதற்கு ‘ஹார்டு’ அழுத்தாதீர்கள். ‘ஹார்டு’ என்றால் கஷ்டப்பட்டாவது ஞாபகம் வந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். மறந்தால் ‘அகெய்ன்’, வந்தால் ‘குட்’. இந்த இரண்டு மட்டுமே போதும். ஒரே அட்டை எட்டுத் தடவை தவறினால் ஆன்கி அதை ‘லீச்’ என்று குறித்து ஒதுக்கிவிடும். உங்களிடம் குறை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அட்டை சரியில்லை, வாக்கியத்தை மாற்றி எழுதினால் சரியாகிவிடும்.

விடையைப் பார்ப்பதற்கு முன் சத்தமாகச் சொல்லுங்கள் அல்லது தாளில் எழுதுங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-ல் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்த மாணவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் முந்திவிட்டார்கள். படிக்கும்போது சுலபமாகத் தெரிவதை நம்பக் கூடாது.

படி 6: வாசிப்பு

அட்டை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வளம் வளராது. உலாவியில், சொல்லின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் பொருள் காட்டும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கிண்டிலில் தேடிய சொல்லெல்லாம் அது வந்த வாக்கியத்தோடு வொகாபுலரி பில்டரில் சேமிப்பாகும். வாரக் கடைசியில் அதிலிருந்து பத்து மட்டும் பொறுக்கி அட்டையாக்கலாம்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும்: தெரியாத எல்லாச் சொல்லையும் தேடாதீர்கள். அதே கட்டுரையில் மறுபடி வந்தாலோ, அது தெரியாமல் வாக்கியமே விளங்கவில்லை என்றாலோ தேடுங்கள். மற்றதைத் தாண்டிப் போங்கள். ஒரே தலைப்பில் நாலைந்து கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பது நல்ல உத்தி. சொற்கள் திரும்பி வரும், இரண்டாவது கட்டுரையே இலகுவாகத் தெரியும்.

சொல் விளையாட்டுகள்? பஸ்ஸில் போகும்போது விளையாடுங்கள். அதைப் படிப்புக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 7: எழுதிப் பாருங்கள், திருத்தச் சொல்லுங்கள்

வாரம் ஒருமுறை, அந்த வாரம் கற்றதில் ஆறேழு சொற்களை வைத்து உங்கள் துறை பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். அப்புறம் சாட்ஜிபிடி போன்ற உரையாடல் கருவியிடம் கொடுங்கள். கேட்கும் விதம் முக்கியம். ‘இதை மேம்படுத்திக் கொடு’ என்றால் பளபளப்பான இன்னொரு பத்தி வரும், அதில் உங்களுடையது எதுவும் இருக்காது. இப்படிக் கேளுங்கள்: ‘நான் கோடிட்ட சொற்கள் இயல்பாக வந்திருக்கின்றனவா என்று மட்டும் சொல். இல்லையென்றால் காரணத்தை ஒரு வரியில் சொல். திருத்தி எழுதாதே.’ திருத்தத்தை நீங்களே எழுதி மறுபடி காட்டுங்கள்.

அது சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். சொல்லின் பிறப்பு வரலாறு, எது அதிகம் புழங்குகிறது போன்ற கேள்விகளுக்கு அது உறுதியான குரலில் தவறாகவும் சொல்லும். சந்தேகம் வந்தால் ஸ்கெல்லில் அந்தக் கோவையைத் தட்டுங்கள். உதாரண வாக்கியம் ஒன்றுகூட வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பத்தி ஒன்றையும் புதிய பத்தி ஒன்றையும் வொகாப்புரொஃபைலில் ஒட்டிப் பாருங்கள். கல்விச் சொல்லின் பங்கு கூடியிருக்க வேண்டும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் கொஞ்சம் யோசியுங்கள்: அந்தப் பட்டியல் ஆய்வு எழுத்திலேயே சுமார் 10 சதவீதம்தான் வருகிறது. எளிய சொல் போதுமான இடத்தில் கனமான சொல்லைத் திணித்திருப்பீர்கள். ஒப்பிடுவதற்குப் பழைய பத்திகள் கையில் இருக்க வேண்டும், அதனால் முதல் வாரத்திலிருந்தே தேதி போட்டுத் தனிக் கோப்புறையில் சேமித்து வையுங்கள்.